பணவனுப்பலும் மிக வறிய குடும்பங்களும்: ஆய்வு முடிவுகள் மீது ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

உறவினர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் பணம் வளரும் நாடுகளின் வறுமையைக் குறைக்கிறது என்பது, கடந்த இருபது ஆண்டுகளில் பொருளியல் ஆய்வுலகில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்ட கருத்தாகும். அப்பணத்தால் மிக வறியவர்களே மிகுதியும் பயனடைகின்றனர் என்பது அதன் நீட்சியாகக் கூறப்படுகிறது. இக்கட்டுரை முதற்கருத்தை ஏற்று, இரண்டாவது கருத்தை ஆராய்கிறது. குடும்பங்களை வறுமை வரிசையில் நிறுத்தும் முறையே அம்முடிவின் ஒரு பகுதியை உருவாக்குகிறது என்பதும், பணம் உறவின் வழியே பாய்வதால் பணம் அனுப்ப எவருமற்ற குடும்பங்கள் சராசரிக் கணக்குகளில் மறைந்துவிடுகின்றன என்பதும் இதன் வாதங்கள். நேபாளம், இலங்கையின் வடமாகாணம், இந்தியச் சிற்றூர்கள், கென்யா, தென்னாப்பிரிக்கா, வங்கதேசம் ஆகியவை பற்றிய ஆய்வுகள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பணவனுப்பல், வறுமைக் கடுமை, புலம்பெயர்வு, உறவு வலைப்பின்னல், அரசு உதவித்தொகை.

முன்னுரை

2023ஆம் ஆண்டில் குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளுக்கு வந்துசேர்ந்த பணவனுப்பல் 65,600 கோடி அமெரிக்க டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. செல்வ நாடுகள் அளிக்கும் வளர்ச்சி உதவியைவிட இது மிகப் பெரிய தொகை. இதற்கு இடைநின்று பங்கு பெறும் அலுவலர் இல்லை, விண்ணப்பம் இல்லை, தகுதிப் பட்டியல் இல்லை. மகன் தாய்க்கும், தங்கை அண்ணன் குடும்பத்துக்கும் அனுப்பும் பணம் நேரே அடுக்களைக்குச் செல்கிறது. வறுமை ஒழிப்பு பற்றிச் சிந்திப்போரை இவ்வெளிமை ஈர்த்ததில் வியப்பில்லை.

ரிச்சர்ட் ஆடம்சும் ஜான் பேஜும் 71 வளரும் நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2005இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவதாகும். ஒரு நாட்டில் தலா பணவனுப்பல் 10 விழுக்காடு உயர்ந்தால், வறுமையில் வாழ்வோரின் பங்கு சராசரியாக 3.5 விழுக்காடு குறைகிறது என்பது அதன் முடிவு. பின்வந்த ஆய்வுகளில் அளவு மாறினாலும் திசை பெரிதும் மாறவில்லை. ஆயினும் 'வறுமை குறைகிறது' என்பதும் 'மிக வறியவர்களின் வறுமை குறைகிறது' என்பதும் ஒன்றல்ல. வறுமைக் கோட்டுக்குச் சற்றே கீழிருக்கும் குடும்பம் மேலேறினாலும் வறுமை விகிதம் குறையும். அடித்தட்டில் இருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

இங்குப் 'பணவனுப்பல்' என்பது வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டுமன்றி, உள்நாட்டு நகரங்களிலிருந்தும் அண்டைக் குடும்பங்களிலிருந்தும் அரசின் தலையீடின்றி வரும் உதவியையும் குறிக்கும்.

அளவுகோலும் அதன் பார்வையும்

வறுமையை அளக்க மூன்று அளவைகள் வழக்கில் உள்ளன. கோட்டுக்குக் கீழ் எத்தனை பேர் என்பது வறுமை விகிதம். அவர்கள் கோட்டிலிருந்து சராசரியாக எவ்வளவு கீழே உள்ளனர் என்பது வறுமை இடைவெளி. அவ்விடைவெளியை இருமடிப்படுத்தி, மிகக் கீழே இருப்போருக்குக் கூடுதல் எடை தருவது வறுமைக் கடுமை. ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் ஆகிய மூவரும் 1984இல் இவற்றை ஒரே வாய்பாட்டுக்குள் அமைத்தனர்.

ஆடம்ஸ் குவாத்தமாலா பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு இம்மூன்றாம் அளவையைக் கொண்டே முக்கியமான முடிவை எட்டியது. பணவனுப்பலைக் குடும்ப வருமானத்தில் சேர்த்துக் கணக்கிடும்போது வறுமைக் கடுமை, உள்நாட்டுப் பணத்தால் 21.1 விழுக்காடும் வெளிநாட்டுப் பணத்தால் 19.8 விழுக்காடும் குறைகிறது என்றது அது. வறுமை விகிதத்தைவிடக் கடுமையே கூடுதலாகக் குறைகிறது. காரணம், அடித்தட்டிலுள்ள பத்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கு வருமானத்தில் 50 முதல் 60 விழுக்காடு வரை பணவனுப்பலிலிருந்தே கிடைக்கிறது என்பது அவர் தரும் விளக்கம். மிக வறியவர்களுக்கே பயன் மிகுதி என்னும் கருத்துக்கு இவ்வகை முடிவுகளே அடிப்படை.

இத்தகைய முடிவைப் படிக்கும்போது முதலில் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: அந்தக் குடும்பங்கள் எந்த வருமானத்தைக் கொண்டு அடித்தட்டில் வைக்கப்பட்டன? ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 14,000 ரூபாய். அதில் 12,000 மூத்த மகனின் உழைப்பால் வருவது. அவன் வெளிநாடு சென்று மாதம் 20,000 அனுப்புகிறான். இப்போது குடும்பத்தின் வருமானம் 22,000. பணவனுப்பலை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது 2,000. ஆய்வாளரின் பட்டியலில் அக்குடும்பம் ஊரிலேயே மிக வறியதாகத் தோன்றும். பணவனுப்பல் அதன் வருமானத்தைப் பதினொரு மடங்காக்கியதாகவும் தோன்றும். உண்மையில் கூடியது 8,000 மட்டுமே. அக்குடும்பம் ஒருகாலத்திலும் ஊரின் மிக வறிய குடும்பமாக இருந்ததில்லை. அதே ஊரில் 5,000 ரூபாயில் வாழும், அனுப்ப எவருமற்ற கைம்பெண்ணின் குடும்பம் இவ்வரிசையில் அதற்கு மேலே நிற்கிறது.

உழைப்பவர் ஊரில் இல்லாததால் தோன்றும் இவ்வறுமையைப் 'பின்னோக்கிய வறுமை' எனலாம். அவர் போகாதிருந்தால் எவ்வளவு ஈட்டியிருப்பார் என்பதை மதிப்பிட்டு, இக்குறையைக் களையும் முறைகளைப் பின்வந்த ஆய்வாளர்கள் கையாண்டுள்ளனர். அவை பயனுள்ளவை. ஆனால் ஊரில் தங்கியவரின் வருமானத்தைக் கொண்டே போனவரின் வருமானத்தை ஊகிக்கின்றன. போனவருக்கும் தங்கியவருக்கும் துணிவு, தொடர்பு, கடன் பெறும் தகுதி ஆகியவற்றில் உள்ள வேறுபாடு முற்றாகப் பிடிபடுவதில்லை. ஆகவே இவ்வகை அட்டவணைகளை, மிக வறியவரைப் பணம் தேடிச் செல்கிறது என்பதற்கு நேரடிச் சான்றாகக் கொள்ள இயலாது. பெறுபவர்கள் அதை எவ்வளவு சார்ந்துள்ளனர் என்பதையே அவை உறுதியாகக் காட்டுகின்றன.

நாட்டளவிலான கணக்குகளுக்கு வேறொரு குறை உண்டு. அவை வங்கிவழி வரும் பணத்தையே காண்கின்றன. இலங்கை மத்திய வங்கியின் பதிவில் தொழிலாளர் பணவனுப்பல் 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்து, 2022இல் சுமார் 380 கோடியாகச் சரிந்து, 2023இல் மீண்டும் 600 கோடியை நெருங்கியது. இடைக்காலத்தில் அதிகாரபூர்வ நாணய மாற்று விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் இடையே பெரும் பிளவு ஏற்பட்டதால், பணத்தின் ஒரு பகுதி உண்டியல் வழிக்குத் திரும்பியது. பதிவான சரிவு முழுவதையும் குடும்பங்கள் இழந்த வருமானமாகக் கொள்வது பிழையாகும்.

பயணச் செலவு என்னும் வாயில்: நேபாளம்

பணவனுப்பல் ஆய்வுகளில் நேபாளம் முதன்மையான களம். அந்நாட்டின் வாழ்க்கைத்தர ஆய்வுகளின்படி, பணவனுப்பல் பெறும் குடும்பங்களின் பங்கு 1995-96இல் 23 விழுக்காடாகவும், 2003-04இல் 32 விழுக்காடாகவும், 2010-11இல் 56 விழுக்காடாகவும் உயர்ந்தது. இதே காலத்தில் வறுமை விகிதம் 42இலிருந்து 31ஆகவும், பின் 25ஆகவும் குறைந்தது. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் உள்ளடக்கிய காலம் இது. 1995 முதல் 2004 வரை ஏற்பட்ட வறுமைக் குறைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வேலைக்கான புலம்பெயர்வாலும் அதன்வழி வந்த பணத்தாலும் விளைந்தது என லோக்‌ஷின் முதலியோர் 2010இல் மதிப்பிட்டனர்.

ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறிதன்று. ஆயினும் வறுமையும் பணவனுப்பலும் எதிரெதிராக நகர்ந்ததைக் கண்டு முழு மாற்றத்தையும் பணவனுப்பலின் கணக்கில் எழுதுவோருக்கு அது ஓர் எச்சரிக்கை. எஞ்சிய பகுதி வேறு காரணங்களால் நிகழ்ந்தது.

நேபாளப் புலம்பெயர்வில் தெளிவான படிநிலை உண்டு. மிக வறியவர்கள் திறந்த எல்லையைக் கடந்து இந்தியாவுக்குச் செல்கின்றனர். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டா. முகவருக்குக் கட்டணம் வேண்டா. ஆனால் காவலாளியாகவும் சுமை தூக்குபவராகவும் ஈட்டி அனுப்பும் தொகை சிறியது. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போக முன்பணம் வேண்டும். நிலமோ நகையோ கடன் தருவோரின் நம்பிக்கையோ உள்ளவர்க்கே அது கைகூடும். மேலை நாடுகளுக்குச் செல்ல அதனினும் மிகுதியான செல்வமும் கல்வியும் தேவை. எவ்வளவு தொலைவு போக முடிகிறதோ அவ்வளவு பெரிய தொகை திரும்பி வருகிறது. எவ்வளவு தொலைவு போக முடியும் என்பதை முன்னரே இருந்த செல்வம் தீர்மானிக்கிறது.

இவ்வாயிலை அகலமாக்க நேபாள அரசு 2015இல் முயன்றது. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்வோரின் நுழைவு அனுமதிக்கும் பயணச்சீட்டுக்கும் வேலை தருபவரே செலவிட வேண்டும் என்றும், முகவர் பெறும் சேவைக் கட்டணம் 10,000 நேபாள ரூபாயை மிஞ்சக்கூடாது என்றும் விதித்தது. தொழிலாளர்கள் நடைமுறையில் இதனினும் பன்மடங்கு செலுத்தி வருவதைக் கள ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. அத்தொகை பெரும்பாலும் ஊர் வட்டிக்காரரிடம் பெற்ற கடன். குடும்பம் பெற்ற பணத்தைக் குறித்துக்கொள்ளும் ஆய்வு, அப்பணத்திலிருந்து வட்டியாக வெளியேறியதைக் கழிக்காவிட்டால், பயன் மிகைப்படுத்தப்படும். குறைந்த சொத்துள்ளவர் மிகுந்த வட்டிக்குக் கடன் பெறுவதால், இம்மிகை அடித்தட்டிலேயே கூடுதலாக இருக்கும்.

ஈழத்துச் சான்று

இப்படிநிலை தமிழ்ச் சமூகத்துக்குப் புதியதன்று. இலங்கைத் தமிழரின் புலப்பெயர்வை ஆராய்ந்த நிக்கலஸ் வான் ஹியர், போரிலிருந்து தப்பியோரின் பயண எல்லையை அவர்களின் பொருள்வளமே பெரிதும் வகுத்தது எனக் காட்டியுள்ளார். வசதியுள்ளோர் கனடாவையும் ஐரோப்பாவையும் அடைந்தனர். அடுத்த நிலையிலிருந்தோர் அருகிலுள்ள நாடுகளை அடைந்தனர். எதுவுமற்றோர் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தனர். அச்சம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பயணச் செலவு அவ்வாறு இல்லை.

இதன் விளைவு பணம் திரும்பி வரும்போது வெளிப்படுகிறது. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப்பின் நிகழ்ந்த 2012-13ஆம் ஆண்டுக் குடும்ப வருமானச் செலவின ஆய்வின்படி, இலங்கையின் தேசிய வறுமை விகிதம் 6.7 விழுக்காடு. யாழ்ப்பாண மாவட்டத்தில் அது 8.3, மன்னாரில் 20.1, முல்லைத்தீவில் 28.8. ஒரே மாகாணத்துக்குள் இவ்வளவு வேறுபாட்டுக்குப் புலம்பெயர் உறவு மட்டுமே காரணம் என்று கூறுவது தவறு. 2009இல் இறுதிப்போரின் அழிவைத் தாங்கியது முல்லைத்தீவு. நிலமும் படகும் கால்நடையும் அங்கே ஒருசேர அழிந்தன. ஆனால் தேவை எங்கே மிகுதியோ அங்கே தனியார் பணமும் மிகுதியாகச் செல்லும் என்ற எதிர்பார்ப்பை இவ்வெண்கள் வலுப்படுத்தவில்லை. ஊர்ச் சங்கங்கள் வழி வரும் நன்கொடைகள்கூடப் புலம்பெயர்ந்தோர் எவ்வூரினரோ அவ்வூரின் பள்ளிக்கும் கோயிலுக்கும் செல்வதே இயல்பு. அதில் குறைகாண ஒன்றுமில்லை. உறவின் வழியே பாய்வது உறவின் எல்லையில் நின்றுவிடும் என்பதே இங்குக் கருத்து.

ஊருக்குள் உதவி: காப்பீடா, ஏற்றமா?

சிற்றூர்களில் குடும்பங்களுக்கிடையே நடக்கும் உதவியை ஆராய்ந்த ராபர்ட் டவுன்சென்ட், 1994இல் வெளியிட்ட கட்டுரையில் தென்னிந்தியாவின் மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒரு குடும்பத்தின் நுகர்வு அதன் சொந்த வருமானத்தின் ஏற்றத்தாழ்வைவிட ஊரின் சராசரி நுகர்வோடு இணைந்தே நகர்கிறது என்று அவர் கண்டார். கடனாகவும் கொடையாகவும் கைம்மாற்றாகவும் ஊரார் ஒருவரையொருவர் தாங்குகின்றனர் என்பது இதன் பொருள். ஆனால் மூன்று ஊர்களில் ஒன்றில், நிலமற்றோர் மற்றவரளவுக்குத் தாங்கப்படவில்லை என்பதையும் அதே கட்டுரை கூறுகிறது. மேற்கோள் காட்டுவோர் பலர் இவ்வரியைக் கடந்துவிடுகின்றனர். நம் வினாவுக்கு விடை இவ்வரியில்தான் உள்ளது.

மகளைத் தொலைவிலுள்ள ஊரில் மணமுடித்துக் கொடுப்பதும் இத்தகைய காப்பீடே என்றனர் ரோசன்ஸ்வைக்கும் ஸ்டார்க்கும் (1989). மழை ஓரூரில் பொய்க்கும்போது சம்பந்தி ஊரில் பெய்யக்கூடும். ஆயினும் சம்பந்தம் பெரும்பாலும் நிகரானவர்களுக்கிடையே நிகழ்வது. ஏழையின் சம்பந்தியும் ஏழையே. கூலி உழைப்பை மட்டும் நம்பிய இரு குடும்பங்கள் ஒருவருக்கொருவர் உதவுவது, காய்ச்சல் கண்ட மாதத்தைக் கடக்க உதவும். தலைமுறையாகத் தொடரும் இன்மையைக் கடக்க உதவாது. திடீர் இழப்பால் வரும் வறுமை வேறு. நிலைத்த வறுமை வேறு. உறவுவழிப் பணம் முன்னதற்குச் சிறந்த மருந்து. பின்னதற்கு அதன் ஆற்றல் குறைவு.

கென்யாவின் எம்-பெசா பற்றிய ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கூர்மையாக்குகின்றன. 2007இல் தொடங்கிய இக்கைப்பேசிப் பணச்சேவை, பணம் அனுப்பும் செலவைப் பெரிதும் குறைத்தது. நோயோ வேலையிழப்போ நேர்ந்தபோது, சேவையைப் பயன்படுத்தாத குடும்பங்களின் நுகர்வு 7 விழுக்காடு குறைந்தது; பயன்படுத்திய குடும்பங்களின் நுகர்வு குறையவில்லை என ஜாக்கும் சூரியும் 2014இல் காட்டினர். இது காப்பீட்டுக்கான வலுவான சான்று. இச்சேவை 1,94,000 குடும்பங்களை, அதாவது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காட்டினரை, வறுமையிலிருந்து மீட்டது என அவர்களே 2016இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. பேட்மன் முதலியோர் 2019இல் அம்முடிவின் முறையியலை மறுத்தனர். வாதம் எவ்வாறு முடியினும், நூற்றில் இருவர் என்னும் அளவை மனத்தில் கொள்வது நல்லது. வழி எளிதானது, ஆனால் வழி இருப்பதால் மட்டும் அனுப்புபவர் தோன்றிவிடுவதில்லை.

அரசு கொடுத்தால் உறவு விலகுமா?

அரசு உதவித்தொகை தந்தால் பிள்ளைகள் அனுப்புவதை நிறுத்திவிடுவர், ஆகவே அரசுப் பணம் வீண் என்றொரு வாதம் நெடுங்காலமாக உண்டு. தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டு ராபர்ட் ஜென்சன் 2003இல் இதனைச் சோதித்தார். முதியவர் பெறும் ஒவ்வொரு ராண்டுக்கும், வெளியூரில் வாழும் பிள்ளைகள் அனுப்பும் பணம் 0.25 முதல் 0.30 ராண்டு வரை குறைந்தது. விலகல் உண்டு, ஆனால் நான்கில் மூன்று பங்கு அளவு முதியவரிடமே தங்குகிறது. குறைந்த பகுதியும் காணாமற்போவதில்லை; அது பெரும்பாலும் ஏழைகளான பிள்ளைகளின் கையில் எஞ்சுகிறது. பெற்றோருக்கு அனுப்பத் தன் குழந்தையின் செலவைக் குறைத்துவந்த மகள் இப்போது அவ்வாறு செய்ய வேண்டியதில்லை. அனுப்புபவரும் ஏழையாக இருக்கும்போது, பணவனுப்பல் வறுமையைக் குறைப்பதோடு ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு இடமாற்றவும் செய்கிறது. பெறும் வீட்டை மட்டும் பார்க்கும் ஆய்வுகள் இதைக் காண்பதில்லை.

இவ்வாதத்தை மறுதிசையிலும் நோக்க வேண்டும். உறவினர் பார்த்துக்கொள்வர் என்று அரசு ஒதுங்கினால், உறவினர் உள்ளவர் ஓரளவு தப்புவர். பிள்ளையற்ற முதியவருக்கும், கணவனால் கைவிடப்பட்டவளுக்கும், எல்லோரும் ஏழைகளாயுள்ள குலத்தில் பிறந்தவருக்கும் இரு வழிகளும் அடைபடும்.

எதிர்ச்சான்று: ரங்பூர்

மிக வறியவர்களுக்குப் பணவனுப்பல் இயல்பாகவே எட்டாதது என்ற முடிவுக்கும் விரைந்துவிடக் கூடாது. வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில், நெல் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் 'மொங்கா' எனப்படும் பசிக்காலம் ஆண்டுதோறும் வரும். 2008இல் பிரயான், சௌத்ரி, மொபாரக் ஆகியோர் சமவாய்ப்பு முறையில் தேர்ந்த வறிய குடும்பங்களுக்குப் பேருந்துக் கட்டணத்தை ஒத்த சிறு தொகையை, சுமார் 8.50 டாலர், அளித்தனர். அதனால் 22 விழுக்காட்டுக் குடும்பங்கள் புதிதாக ஒருவரைப் பருவகால வேலைக்கு அனுப்பின. ஊரிலிருந்தோரின் உணவும் நுகர்வும் கணிசமாக உயர்ந்தன. ஊக்கத்தொகை நின்ற பின்னும் பலர் மீண்டும் சென்றனர். போனால் பயனுண்டு என்று தெரிந்தும் அவர்கள் போகாதிருந்ததற்குக் காரணம், போய் வேலை கிடைக்காவிட்டால் குடும்பம் பட்டினியாகும் என்னும் அச்சம். வறுமையின் விளிம்பில் இருப்பவருக்குச் சிறு இழப்பும் பேரிழப்பு.

இத்திட்டம் பெரிய அளவில் விரிவுபடுத்தப்பட்டபோது 2017இல் அதே பயன் கிட்டவில்லை. 2019இல் அது கைவிடப்பட்டது. ஆகவே இதனை ஆயத்த மருந்தாகக் கொள்ள முடியாது. ஆனால் முதற்சோதனை கற்பித்தது நிற்கிறது: மிக வறிய குடும்பத்துக்குப் பணவனுப்பல் வந்துசேர, முதல் அடிக்கான செலவையும் இடரையும் வேறொருவர் ஏற்க வேண்டியிருந்தது. தனியார் பணம் தொடங்குவதற்கே உறவுக்கு அப்பாலிருந்து ஒரு கை தேவைப்பட்டது.

முடிவுரை

பணவனுப்பல் வறுமையைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. இடர்க்காலத்தில் குடும்பங்களைத் தாங்குவதில் அதற்கு நிகராகச் சொல்லத்தக்க ஏற்பாடுகள் சிலவே. ஆயின் மிக வறியவர்களே பெரிதும் பயனடைகின்றனர் என்ற கூற்றை, மேலே ஆராய்ந்த சான்றுகள் அப்படியே தாங்கவில்லை. குடும்பத்தின் தரவரிசையைப் பணவனுப்பலை நீக்கிய வருமானத்தால் வகுப்பது அக்கூற்றை வலுவுடையதாகத் தோன்றச் செய்கிறது. பயணச் செலவும் உறவின் எல்லையும் அடித்தட்டுக் குடும்பங்களை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றன.

இனி வரும் ஆய்வுகள் மூன்று செய்திகளைத் தவறாது தருதல் வேண்டும். முதலாவது, ஒருவர் புலம்பெயர்வதற்கு முன் அக்குடும்பம் எந்நிலையில் இருந்தது என்பது. இரண்டாவது, மிக வறிய குடும்பங்களில் எவரிடமிருந்தும் எதுவும் பெறாதவை எத்தனை என்பது. மூன்றாவது, பெற்ற தொகையிலிருந்து கடனுக்கும் வட்டிக்கும் சென்றது போக எஞ்சியது எவ்வளவு, அனுப்பியவர் எதை இழந்து அனுப்பினார் என்பது. இவற்றில் இரண்டாவது எண்ணே கொள்கை வகுப்போருக்கு இன்றியமையாதது. பணம் அனுப்பும் கட்டணத்தை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழ்க் கொணர ஐக்கிய நாடுகள் அவையின் வளர்ச்சி இலக்கு வலியுறுத்துகிறது. அது வரவேற்கத்தக்கது, ஆனால் அனுப்ப ஆளில்லாத வீட்டுக்குக் கட்டணக் குறைப்பால் வரும் நன்மை ஏதுமில்லை. அவ்வீட்டுக்கு ஓய்வூதியமும் உணவுப் பங்கீடும் ஊரக வேலையுமே வழி. உறவின் பணம் பெருகுவதைக் காரணம் காட்டி அவற்றைச் சுருக்குவது, ஒருவருக்கு வந்த பணத்தை மற்றொருவருக்கும் வந்ததாகக் கணக்கெழுதுவதாகும்.